கழற்றி வைத்த தகடும் கருகிய ஒயரும்

மூன்று மாதங்கள் என்னை அலைக்கழித்த கோளாறு இது. இதே தொல்லையில் சிக்கியிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிடும். நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஸ்பார்க் பிளக்கை மாற்றினோம், பெட்ரோல் பம்பையும் மாற்றினோம். பலன் இல்லை. பணிமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் ஆறிவிடுவதால் யார் கண்ணிலும் கோளாறு படவில்லை.

கடைசியில் ஒரு மூத்த மெக்கானிக், வண்டி நின்ற இடத்துக்கே மல்டிமீட்டருடன் வந்தார். சூட்டோடு சூடாக, என்ஜின் சுழல்வதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி அளந்தார். இணைப்பே இல்லை. ஆறிய பிறகு அதே இடத்தில் எண்ணூறு ஓம் சொச்சம் காட்டியது. சூட்டில் விரிந்து விட்டுப்போகும் சென்சாரின் உள்சுருள், ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. சென்சாரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தவர், “தம்பி, இங்கே ஒரு தகடு இருந்திருக்க வேண்டுமே?” என்று கேட்டார்.

இருந்தது. என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டு குழாயின் சூடு ஒயர்களில் படாமல் மறைக்கும் தகடு அது. ஒரு வருடத்துக்கு முன் போல்ட் துளைகள் துருப்பிடித்து அகன்று, அந்தத் தகடு கடகடவென்று ஆடியது. “வெறும் தகடுதானே, இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது” என்று ஒரு பணிமனையில் கழற்றிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது அதே இடத்தில் ஒயர்களை மூடிய நெளிவுக் குழாயை விரலால் தொட்டேன், பிஸ்கட்டைப்போல உதிர்ந்தது. உள்ளே, புகையில் உள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் உறை கொப்பளித்து வெடித்திருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் செம்பு என்ஜின் உடலில் உரசி ஃபியூஸ் போயிருக்கும்.

பெட்ரோல் என்ஜினில் ஏற்றத்தில் இழுக்கும்போது வெளியேறும் புகையின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். சாதாரண பிவிசி ஒயர் உறை தாங்குவதோ ஏறத்தாழ 105 டிகிரிதான். ஓடும்போது காற்று வீசுவதால் ஓரளவு தப்பிக்கிறது. நிறுத்திய பிறகுதான் ஆபத்து அதிகம். கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும், காற்றும் இல்லை, மேனிஃபோல்டின் சூடு பானட்டுக்குள்ளேயே தேங்கும். என் வண்டி பத்து நிமிடம் கழித்து மக்கர் செய்ததன் காரணம் அதுவே.

புதிய தகடு வாங்கி, துளைகளுக்கு அகன்ற வாஷர் வைத்து முடுக்கினோம். தகட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒட்டினால் தகடே சூடேறி அந்தச் சூட்டை மறுபக்கம் வீசும். ஒயர்களை நான்கு விரல்கடை தள்ளி, எஃகுக் கிளாம்பில் கட்டினோம். அதற்குப் பிறகுதான் சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழை உறை. பலர் உறையை மட்டும் மாட்டிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். உறை சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே இருக்கும் ஒயரும் அதே சூட்டுக்கு வந்துவிடும். தள்ளி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

மறுமொழி:

விவரமாக எழுதியதற்கு நன்றி ஐயா. ஒன்றைச் சேர்க்கிறேன். ஓம் அளக்கும் சோதனை சுருள் உள்ள இரண்டு ஒயர் சென்சாருக்குத்தான் பொருந்தும். சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லால் காந்தப்புலத்தை உணரும், மூன்று ஒயர் உள்ள ஹால் வகையை அப்படி அளந்து முடிவுகட்ட வேண்டாம்.

எனக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒயர்தான் கருகியது. வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அளவீடு தாறுமாறானது. பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவேதான் உள்ளிழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அந்தக் கனெக்டரில் கிரீஸ் தடவுவதும் இதே காரணத்தால் தவறு. இப்போது நசுக்கி இணைக்கும் கிரிம்ப் முனைகளையே பயன்படுத்துகிறேன்.

மறுமொழி:

என் வண்டியில் தகடு சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒரே இடத்தில், நாணயம் அளவுக்கு, ஒயர் மீண்டும் மீண்டும் கருகியது. இரண்டு முறை உறை மாற்றிய பிறகே மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டில் கசிவு இருப்பது தெரிந்தது. புகை ஊசிபோல அந்த ஒரு புள்ளியில் பாய்ந்திருக்கிறது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, சூடேறியதும் அடங்கினால் அங்கே பாருங்கள். சுற்றிலும் கரி படிந்திருக்கும்.

மேனிஃபோல்டைச் சுற்றித் துணிபோன்ற நாடாவைக் கட்டும் யோசனையும் எனக்கு வந்தது. வேண்டாம் என்று விட்டேன். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், உள்ளே இரும்பு துருப்பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மறுமொழி:

பதிவை எழுதியவன்தான். கேஸ்கெட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. நாளைக் காலை குளிர்ந்த என்ஜினில் காதைக் கொடுத்துக் கேட்கப்போகிறேன். கிளாம்ப் கிடைக்காத ஓரிடத்தில் நைலான் கட்டு போட்டிருந்தேன். இன்று பார்த்தபோது இளகித் தொங்கியது. அதையும் எஃகுக் கட்டாக மாற்றிவிட்டேன்.