பெரிய வீட்டுக் குழு: அப்பாவின் சைக்கிள்

துவா: எல்லாருக்கும் ஒரு விஷயம். அப்பாவின் மவுண்டன் பைக்கை நான் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்கு எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். கடல் காற்றில் நின்று நின்று முன் கியர் துருப்பிடித்து இறுகிவிட்டது. முன்னால் இருக்கிற மூன்று பல்லுச்சில்லையும் கழற்றிவிட்டு ஒன்று மட்டும் போடலாம் என்கிறார் திருத்துகிறவர். செய்யட்டுமா?

ரமணன்: எதையும் கழற்ற வேண்டாம். அப்பாவுக்கு இன்னும் 31ஆம் நாள் அந்தியேட்டிகூட முடியவில்லை.

மாலா சின்னம்மா: நானும் அந்தியேட்டி விஷயமாகத்தான் வந்தேன். கல்வெட்டுக்கு, அதுதான் நினைவுப் புத்தகத்துக்கு, பேரப்பிள்ளைகளின் பெயர்களை இன்றைக்கே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். போன தடவை மாதிரி ஆகக் கூடாது.

ஜனனி: போன தடவை என்ன நடந்தது?

ராசன் மாமா: விடு பிள்ளை.

மாலா சின்னம்மா: அம்மம்மாவின் கல்வெட்டில் என் மூத்தவளின் பெயர் இல்லை. 11 வருடமாகிறது. சண்டைக்கு வரவில்லை, பெயர்களை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குகன்: துவா, செயின் எந்தச் சில்லில் இறுகியிருக்கிறது?

துவா: நடுவில்.

குகன்: நல்லது. அப்படியென்றால் காசு செலவழிக்காமல் முதலில் சோதித்துப் பார்க்கலாம். அந்த சைக்கிளில் முன்னுக்கு 42, 32, 22 பல். பின்னுக்கு 11இலிருந்து 32 வரை எட்டுச் சில்லு. மூன்றெட்டு 24 கியர் என்று சொல்வார்கள், ஆனால் 24ம் வேறு வேறு இல்லை. 42ஐயும் 28ஐயும் சேர்த்து மிதித்தாலும் 32ஐயும் 21ஐயும் சேர்த்து மிதித்தாலும் காலுக்கு ஏறக்குறைய ஒரே பாரம்தான். நடு 32ஐ மட்டும் வைத்துக்கொண்டு பின்னுக்குள்ள எட்டை மாற்றி மாற்றி ஒரு கிழமை ஓடு. 11இல் போட்டு நிமிடத்துக்கு 80 தடவை மிதித்தால் 29 கிலோமீற்றர் வேகம் வரும். மரைன் டிரைவில் அதற்கு மேல் போகத் தேவையில்லை. 32இல் போட்டால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒரே ஒரு சுற்று, இரண்டு மீற்றர். கடற்கரையிலிருந்து காலி வீதிக்கு ஏறுகிற ஒழுங்கைக்கு அது தாராளம். நீ இழப்பது 22ஐ மட்டும்தான், அது கடுகண்ணாவை மாதிரி ஏற்றத்துக்கு.

ஜனனி: குகன் அண்ணா மூச்சு விடுங்கள்

ராசன் மாமா: அந்தியேட்டிக்கு முகத்துவாரத்துக்கு எத்தனை பேர்? வான் ஒன்று போதுமா?

துவாவின் அம்மா: [குரல் பதிவு 0:41]

குகன்: இன்னும் முடியவில்லை. முன் டிரெயிலரை, அதாவது செயினை ஒரு சில்லிலிருந்து அடுத்ததுக்குத் தள்ளுகிற கருவியை, மட்டும் கழற்றிவிட்டுப் பழைய 32ஐ அப்படியே விட யாராவது சொன்னால் கேட்காதே. அதன் பற்கள் குட்டை, செயின் ஏறி இறங்குவதற்கென்றே பக்கத்தைச் சீவியிருப்பார்கள். டிரெயிலரின் கூடுதான் செயினை வெளியே போகாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்தால் முதல் குழியிலேயே செயின் கழரும். அதனால் நரோ-வைட் என்கிற சில்லு வேண்டும். அதில் ஒரு பல் மெல்லியது, அடுத்தது தடித்தது. செயினிலும் ஒரு கண்ணி ஒடுக்கம், அடுத்தது அகலம். தடித்த பல் அகலக் கண்ணிக்குள் இறுக்கமாக உட்காரும். 2012இல் ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 என்ற கியர்த் தொகுதியோடு வந்தது இது. இப்போது பல கம்பனிகள் செய்கின்றன.

ரமணன்: குகன், நான் தொழில்நுட்பம் கேட்கவில்லை. அப்பாவின் பொருள் அப்பா வைத்த மாதிரியே இருக்கட்டும் என்கிறேன்.

துவா: அண்ணா, நீங்கள் ரொறன்ரோவில். இங்கே அது பல்கனியில் நின்று துருப்பிடிக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன்.

ரமணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா சின்னம்மா: பெயர்கள்.

ஜனனி: வீட்டுக்கிருத்தியத்துக்கு வடை வெளியில் சொல்வதா, வீட்டில் சுடுவதா என்று என் அம்மா கேட்கிறார்

ராசன் மாமா: வெளியில். போன முறை உளுந்து காணாமல் போய் 9 மணிக்குக் கடை தேடினோம்.

குகன்: துவா, வலப்பக்கத்தைக் கிட்டப் படம் எடுத்துப் போடு. சில்லுகள் போல்ட்டில் நிற்கின்றனவா, ஆணி அடித்து இறுக்கியதா என்று பார்க்க வேண்டும். ஆணி என்றால் மிதிகட்டை பூட்டியிருக்கிற கிராங்கையே மாற்ற வேண்டிவரும்.

துவா: [படம்]

குகன்: நாலு போல்ட். எதிரெதிர் போல்ட்டுகளுக்கு இடையே நடுவுக்கு நடு அளந்து பார், 104 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதே அளவில் 32 பல் கேள், டாம் வீதிக் கடைகளில் விசாரி. போல்ட்டும் ஒற்றைச் சில்லுக்குரிய கட்டையானதாக வாங்கு, பழையது இரண்டு சில்லைச் சேர்த்துப் பிடிக்கிற நீளம், இறுகாது. நடுச்சில்லு இருந்த இடத்திலேயே புதியதைப் போடச் சொல், செயின் நேராக ஓடும். புதுச் சில்லில் பழைய செயினை மாட்டாதே. புதுச் செயினைப் பின் டிரெயிலருக்குள் விடாமல் முன் சில்லையும் பின்னுக்குள்ள பெரியதையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்ட வேண்டும். கிராங்கைக் கழற்ற அதற்கென்று புல்லர் என்ற கருவி இருக்கிறது, சுத்தியல் எடுத்தால் உடனே நிறுத்து.

குகன்: பொறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாயா? 42இல் கறுப்பு மைகூட உரியவில்லை. 22உம் புதுசு மாதிரி. நடுவில் உள்ளதன் பற்கள் மட்டும் சுறாச் செட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன.

ராசன் மாமா: அதற்கு என்ன அர்த்தம்?

குகன்: பெரியப்பா இத்தனை வருடமும் ஒரே சில்லில்தான் ஓடியிருக்கிறார் மாமா.

ஜனனி: பெரியம்மாவின் குரல் பதிவை ஒருவரும் கேட்கவில்லையா? அதைத்தான் சொல்கிறார். 2022இல் பெற்றோல் இல்லாத நேரம், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கொடுத்த காலம். பெரியப்பா புறக்கோட்டைக்கு சைக்கிளில் போகத் தொடங்கி மூன்றாம் நாள் பம்பலப்பிட்டியில் முன் கியரை மாற்றப் போய் செயின் கழன்று, கை முழுக்கக் கறுப்போடு உருட்டிக்கொண்டு வந்தாராம். அன்றைக்கே இடது லீவரில் பிளாஸ்டர் ஒட்டினாராம், இதை ஒருவரும் தொடக் கூடாது என்று.

துவா: [படம்]

துவா: பிளாஸ்டர் இன்னும் இருக்கிறது. மேலே பேனாவால் 2 என்று எழுதியிருக்கிறார்.

ராசன் மாமா: அவருடைய 2 தான் அது. கீழ்க்கோட்டை நீட்டி எழுதுவார்.

மாலா சின்னம்மா: ஐயோ அத்தான்

ரமணன்: என்னிடம் 24 கியர், 24 கியர் என்று போனில் எத்தனை தடவை சொன்னார்.

துவா: என்னிடமும்தான் அண்ணா.

ரமணன்: சில்லை மாற்று. அந்த லீவரைக் கழற்றாதே.

குகன்: கம்பியை எடுத்துவிட்டு லீவரை அப்படியே விடலாம், ஒன்றுக்கும் இடைஞ்சல் இல்லை.

ரமணன்: தேய்ந்த நடுச்சில்லை எறியாதீர்கள். நான் வரும்போது எடுக்கிறேன்.

மாலா சின்னம்மா: அதை நான் பூசை அறையில் வைக்கலாம் என்று நினைத்தேன்.

ராசன் மாமா: காலிமுகத்திடலில் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்று உண்டே, அதைக் கல்வெட்டின் பின்னட்டைக்குப் போடுவோமா?

மாலா சின்னம்மா: பின்னட்டைக்குக் குத்துவிளக்கு என்று முன்னமே சொல்லியாயிற்று. பெயர்கள் இன்னும் ஐந்து குறைகின்றன.

துவா: குகன் அண்ணா, சனிக்கிழமை டாம் வீதிக்கு என்னோடு வருவீர்களா?

குகன்: சனி வான்காரரைப் பார்க்க வேண்டும். ஞாயிறு கடைகள் பூட்டு. அடுத்த கிழமை பார்ப்போம், அதுவரை இரண்டிலேயே ஓடு.