எஃப்எஸ்சிகே ஓட்டியும் திரும்பத் திரும்ப கெர்னல் பேனிக்

கடை பில்லிங் சர்வர்: டெபியன் 12 (லினக்ஸ்), 1 டிபி சாட்டா ஹார்டு டிஸ்க், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். போன மாதம் கரண்ட் போனபோது யுபிஎஸ்ஸும் கைவிட்டது. அதிலிருந்து இரவு பேக்கப் ஓடும்போது மட்டும் கெர்னல் பேனிக், அதாவது சிஸ்டத்தின் மையமான கெர்னல் பிழை கண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட, மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. திரையில் ஏதோ ஒரு டைரக்டரியில் "பேட் என்ட்ரி", அடுத்து "பேனிக் ஃபோர்ஸ்டு ஆஃப்டர் எரர்".

லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, மவுண்ட் செய்யாமல் இ2எஃப்எஸ்சிகே -எஃப் (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே, ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டினேன். சரிசெய்தது, மீட்டவற்றைப் போட்டுவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியில் பெயரில்லா ஃபைல்கள் குவிந்தன. சில நாளில் மறுபடி அதே கதை, இந்த முறை வேறு டைரக்டரியில்! ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டில் பிழை இல்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட்டில் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) 0. ஆனால் யுடிஎம்ஏ சிஆர்சி எண்ணிக்கை (டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே டேட்டா போகும்போது நேரும் பிழைகள்) ஏறிக்கொண்டே போகிறது. அதுதான் உறுத்துகிறது. மவுண்ட் அமைப்புகள் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எரர்ஸ்=பேனிக் என்பதை ரீமவுண்ட்-ஆர்ஓ (பிழை வந்தால் படிக்க மட்டும் விடுவது) ஆக்கினால் மெஷின் நிற்காது, சரி, ஆனால் நோய் போகாதே. டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தாயிற்று.

சாட்டா கேபிளை மாற்றி, புதிதாக ஃபார்மேட் செய்து இதே டிஸ்க்கை நம்பலாமா, இல்லை டிஸ்க்கையே தூக்கிப் போட வேண்டுமா?