ஆம்ப் ஒயருக்கு ஃப்யூஸ்: பேட்டரி பக்கமா, டிக்கி பக்கமா?

அல்சூர்க்காரன்:
மச்சான் காரில் ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) வைக்க பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போயிருந்தோம். கடைப் பையன் வேலையெல்லாம் சுத்தம்தான். ஆனால் ஃப்யூஸ் ஹோல்டரை டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில் மாட்டினான். "பேட்டரி பக்கம் போடுப்பா" என்றேன். "அண்ணா, ஆம்ப்பைத்தானே காப்பாத்தணும்?" என்று கேட்டான்.

ஆம்ப்பைக் காப்பாற்ற பெரும்பாலும் அதன் உடம்பிலேயே ஃப்யூஸ் இருக்கும். நாம் தனியாகப் போடுவது ஒயருக்காக. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயர் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் நுழைந்து, கார்பெட்டுக்கு அடியில் டிக்கி வரை போகிறது. வழியில் எங்காவது தகட்டு விளிம்பில் உரசி, உறை கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரியில் இருக்கும் கரண்ட் முழுக்க அந்த இடத்திலேயே பாடியில் இறங்கிவிடும். டிக்கியில் இருக்கும் ஃப்யூஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஃப்யூஸ் முழுசாக இருக்கும், ஒயர் பற்றி எரியும். அதனால்தான் பிளஸ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 45 செ.மீ.க்குள் போடச் சொல்கிறார்கள். இன்னும் கிட்டே என்றால் இன்னும் நல்லது.

சொன்னதும் மாற்றிக் கொடுத்தான். ஃபயர்வால் ஓட்டைக்கு ரப்பர் கிராமெட் (ஒயர் விளிம்பில் உரசாமல் இருக்க மாட்டும் வளையம்) கேட்டபோதுதான் முகம் கொஞ்சம் கோணியது.

ஒயிட்ஃபீல்டு வாசி:
இடம் சரி, எத்தனை ஆம்பியர்? என் அண்ணன் காரில் 8 கேஜ் ஒயருக்கு (கேஜ் என்பது ஒயரின் தடிமன் எண், எண் கூடினால் ஒயர் மெல்லிசு) 100 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தார்கள். பேட்டரி பக்கம்தான் போட்டிருந்தார்கள், என்ன புண்ணியம்? ஃப்யூஸ் போவதற்கு முன்னால் ஒயர் உருகிவிடும். நல்ல செம்பு ஒயர் என்றாலே 8 கேஜுக்கு 50, 60 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. இது செம்புகூட இல்லை. நுனியை பிளேடால் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். அந்த ரகத்துக்கு இன்னும் குறைத்துத்தான் போட வேண்டும். ஆம்ப் பெட்டியில் என்ன வாட்ஸ் எழுதியிருந்தாலும் சரி, ஃப்யூஸுக்கு உச்சவரம்பு ஒயர் தாங்கும் அளவுதான்.

பொம்மனஹள்ளி:
ஆடியோவை விடுங்கள், ஃபாக் லாம்புக்குக்கூட இதே கதைதான். சித்தப்பா காரில் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராக லைன் இழுத்திருந்தார்கள். ஃப்யூஸே கிடையாது, "ரிலே இருக்கே சார்" என்றார்களாம்! ரிலே வெறும் சுவிட்சுதானே. ஒருநாள் சாயங்காலம் சில்க் போர்டு நெரிசலில் ரப்பர் கருகும் வாடை, பானெட் இடுக்கில் புகை. ஹெட்லைட் கிளாம்ப்பில் ஒயர் அறுபட்டிருந்தது. நல்லவேளை, டாஷ்போர்டில் 10ஆம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. மைனஸ் டெர்மினலைக் கழற்றி எடுத்தோம். 55 வாட் பல்பு இரண்டு, கூட்டினால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் சொச்சம். பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவில், பேட்டரியை ஒட்டி ஒரு நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தால் அது மட்டும் போயிருக்கும்.

ஜெயநகர் 4ஆவது பிளாக்:
எனக்கு ஆம்ப் இரண்டு. மெயின் ஃப்யூஸ் பேட்டரி பக்கம் இருக்கிறது. டிக்கியில் பிரிகிற இடத்திலும் வேண்டுமா?

அல்சூர்க்காரன்:
பிரிந்த பிறகு ஒயர் மெல்லிசாகிறது என்றால் கட்டாயம் வேண்டும். 4 கேஜுக்குப் போட்ட மெயின் ஃப்யூஸ், 8 கேஜ் கிளையைக் காப்பாற்றாது. ஃப்யூஸ் வைத்த டிஸ்ட்ரிப்யூஷன் பிளாக் (ஒரு ஒயரைப் பல கிளையாகப் பிரிக்கும் பெட்டி) என்று கேட்டு வாங்குங்கள். மைனஸ் ஒயருக்கு ஃப்யூஸ் வேண்டாம், பாடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்கமாக போல்ட் போட்டால் போதும்.