10% வேகம் குறைத்தால் 27% மிச்சமா?

கரைக்காற்று:
கப்பல் வேகத்தை 10% குறைத்தால் எரிபொருள் 27% மிச்சம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. இதை விட்டுட்டு மெத்தனால் எரிபொருள், காத்தைப் பிடிக்கிற உலோகப் பாய்னு கோடி கோடியா கொட்டுறாங்க.

கொதிகலன்:
ஆரம்பிச்சுட்டாருய்யா. சார், வேகம் குறைஞ்சா போய்ச் சேர நாள் கூடும். ஒரு மணி நேரத்துக்கு எரியுறது 27% குறையும், மொத்தப் பயணத்துக்கு 19%தான். மெயின் எஞ்சினைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?

கரைக்காற்று:
எரிபொருள் செலவு வேகத்தோட முப்படிக்கு ஏத்த மாதிரி மாறும். 0.9-ஐ மூணு தடவை பெருக்குங்க. 0.729. மிச்சம் 27. எஞ்சினைப் பார்த்தாத்தான் பெருக்கல் வருமா?

தேர்டுமேட்:
19-ம் வராது. ரீஃபர் (குளிர்பதன) பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர் கூடுதல் நாளுக்கும் எரிக்கும்ல?

கொதிகலன்:
தம்பி, கப்பலை ஓட்டுற பிரிட்ஜ் அறையில ஏசியில நின்னுக்கிட்டு ஜெனரேட்டர் பத்திப் பேசாதீங்க. நான் சொல்றது மெயின் எஞ்சின். லோடு ரொம்ப இறங்கினா எஞ்சினுக்குக் காத்தை அடைக்கிற டர்போவைச் சுழற்றப் புகை பத்தாது, துணைக்குக் காத்து ஊதுற ஆக்சிலரி ப்ளோயர் தானா ஓட ஆரம்பிக்கும், புகைச் சூட்டுல நீராவி எடுக்கிற எக்கனாமைசர்ல கரி அடையும். அதைக் கழுவுறது யாரு, மேட்டா? 19. எழுதி வச்சுக்கங்க.

கரைக்காற்று:
அப்புறம் ஏன் 2008 நெருக்கடிக்குப் பிறகு 24, 25 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்துல ஓடின கன்டெய்னர் கப்பலெல்லாம் 20-க்குக் கீழ இறங்குச்சு? மெதுவான ஓட்டத்துக்குத் தோதா கப்பல் மூக்குல தண்ணிக்கடியில இருக்கிற முன்குமிழையே வெட்டி மாத்தின மெர்ஸ்க் கம்பெனிக்குக் கணக்கு தெரியாதா?

கொதிகலன்:
சரக்கு இல்லாம கப்பல் சும்மா கிடந்துச்சு, அதான் இறக்கினாங்க. உலகத்தைக் காப்பாத்தவா? 2023 கடைசியில செங்கடல்ல ஹூதிகள் அடிச்சதும், நன்னம்பிக்கை முனையைச் சுத்தி விட்ட நேரத்தைப் பிடிக்கப் பல கப்பல் வேகத்தைக் கூட்டுச்சே, அப்போ எங்க போச்சு உங்க 27?

உப்புமூட்டை:
மணிக்கா, பயணத்துக்கான்னு முதல்ல முடிவு பண்ணுங்களேன்.

கரைக்காற்று:
கொதிகலன் சார் ஸ்க்ரப்பருக்கு, அதான் புகையில இருக்கிற கந்தகத்தைக் கழுவுற கருவிக்கு, கொடி பிடிச்சவராச்சே. 2020-ல கப்பல் எரிபொருளுக்கான கந்தக வரம்பு 3.5%-லிருந்து 0.5% ஆனப்போ, புகையைக் கழுவின தண்ணியைக் கடல்லயே விடலாம்னு இதே இடத்துல எழுதினவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

கொதிகலன்:
பழசைக் கிளறாதீங்க. ஸ்க்ரப்பரை அனுமதிச்சது ஐ.நா.வோட கப்பல் அமைப்பு ஐஎம்ஓ, நான் இல்ல. இப்போ பேச்சு 19. மெதுவா ஓட்டினா அதே சரக்குக்குக் கூடுதல் கப்பல் வேணும். அதைக் கட்ட உருக்குற இரும்பை யார் கணக்குல எழுதுவீங்க?

கரைக்காற்று:
இரும்புக்குத் தாவியாச்சா! 27-க்கு பதில் இல்லைன்னு புரியுது.

தேர்டுமேட்:
அண்ணே, ஜெனரேட்டருக்கே இன்னும் பதில் வரல. அப்புறம், எங்க பிரிட்ஜ்ல ஏசி ஓடி ரெண்டு மாசம் ஆச்சு. அது உங்க டிபார்ட்மென்ட் வேலை.

கொதிகலன்:
டிஃபெக்ட் ரிப்போர்ட் போட்டீங்களா? போட்டிருக்க மாட்டீங்க. டெக்ல இருக்கிறவங்க எல்லாருமே இப்படித்தான்.