தோட்டத்துச் சொந்தங்கள் குழுவில் ஒரு மாலை: சூரியப் புயல்

பெரியப்பா (பல்லடம்): கவிதா கண்ணு, தறிக்கூடத்துக் கூரையில் சோலார் மாட்ட வந்தவர், "சூரியன் உச்சத்தில் இருக்கிறது, கரண்ட் கூடுதலாக வரும்" என்கிறார். நிஜமா?

கவிதா: இல்லை பெரியப்பா. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே மொத்த வெளிச்சம் சுமார் 0.1 சதவீதம்தான் மாறும். பலகையில் படியும் தறிப்பஞ்சு அதைவிடப் பல மடங்கு தின்றுவிடும்.

பெரியப்பா: பிறகு எது உச்சம்?

கவிதா: கொந்தளிப்பு. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் காந்தப்புலத்தைச் சுமந்த பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட சூடான வாயு, அடிக்கடி வெடித்துக் கிளம்பும். வெளிச்சம் 8 நிமிடத்தில் வந்துவிடும். இந்தப் பிளாஸ்மா வரப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும். அது சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே இறக்கிவிடும். வடக்கு நோக்கி இருந்தால் அவ்வளவாகப் பாதிக்காது. 2024 மே 10 அன்று இப்படிப் பல வெடிப்புகள் அடுத்தடுத்து வந்து மோதியதில் ஜி5 புயல், அதாவது அளவுகோலின் உச்சப் படி, எழுந்தது. 2003க்குப் பிறகு அதுதான் முதல் ஜி5. லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது.

கோபி மாமா: அமெரிக்காவில் டிராக்டர்கள் நின்றதும் அப்போதுதானே?

கவிதா: ஆமாம் மாமா, சரியான விதைப்பு நேரம். ஜிபிஎஸ் வைத்துத் தானாகவே நேர்ச்சால் ஓட்டும் டிராக்டர்கள். ஜிபிஎஸ் அலைகள் கடந்து வரும் மேல்வானத்து மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலம் கலங்கியதும் இருக்கும் இடத்தின் கணக்கு தப்பிவிட்டது.

அம்முச்சி: இன்று இரவு போனை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லி ஒரு செய்தி வந்திருக்கிறதே சாமி?

கவிதா: பயப்படாதீர்கள் அம்முச்சி. கையில் இருக்கும் போனுக்கும் நம் உடம்புக்கும் ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் மின்தடங்களுக்குத்தான் ஆபத்து. 1989 மார்ச்சில் இப்படியொரு புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருளில் கிடந்தது. அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பெரியப்பா: உச்சம் 2024லேயே கழிந்துவிட்டது என்றால், இனி அடங்கிவிடும் அல்லவா?

கவிதா: அப்படி நினைத்துவிடக் கூடாது பெரியப்பா! புள்ளிகள் குறையும், காந்தக் கலக்கம் உடனே குறையாது. இறங்குமுகத்தில் கரோனா துளைகள், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் திறந்து கிடக்கும் இடங்கள், பெரிதாகி, அவற்றிலிருந்து வேகமான சூரியக் காற்று வீசும். நாம் பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 27 நாள் ஆகிறது. துளை மூடாமல் இருந்தால் அதே காற்று மறுபடியும் நம்மைத் தொடும். 2003 அக்டோபர் புயலும் உச்சம் கழிந்து சுமார் 2 ஆண்டுக்குப் பிறகு வந்ததுதான். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிக் கூடுதல் கவனம் வேண்டும். பூமியின் சாய்வால் அப்போது சூரியக் காற்றின் புலமும் பூமியின் புலமும் எளிதில் பிணைகின்றன.

கோபி மாமா: ஊட்டி முத்தோரைச் சரிவில் நீளமாக ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறதே, அது இதற்குத்தானா?

கவிதா: இதற்கும் உதவுகிறது மாமா. 530 மீட்டர் நீளம், 1970ல் முடித்தார்கள். விண்வெளியில் வெகுதொலைவிலிருந்து ரேடியோ அலை வீசும் பொருள்கள் மினுங்குவதைக் கவனித்து, நடுவழியில் வரும் சூரியப் பிளாஸ்மாவை அடையாளம் காண்கிறார்கள். நம் மலையிலேயே இது நடக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை!

பிரபு: அக்கா, அந்த 27 நாளை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

கவிதா: தாராளமாக. பூமியின் காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி எண் இணையத்தில் தினமும் கிடைக்கும். 5 தொட்டால் புயல். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு 27 நாள் கழித்துப் பார். துளையிலிருந்து வந்த புயல் என்றால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். பிளாஸ்மா வெடித்து வந்தது என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது.

பிரபு: இப்போது 4 காட்டுகிறது. நாளைக் காலையில் மறுபடியும் பார்க்கிறேன்.