குன்னூர் மலை ஏறும்போது பழைய இசட்4 சூடாகிறது: 3.8 லட்சம் செலவழிக்கலாமா, விற்றுவிடலாமா?

குன்னூர்_மஞ்சு:
வணக்கம். என் வண்டி 2010 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ. 3 லிட்டர் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 7 கியர் டபுள் கிளட்ச். போன வருடம் கோவையில் ஒருவரிடம் 16 லட்சத்துக்கு வாங்கினேன். "புது எஸ்யூவி விலையில் கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்" என்று சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்கினேன். இப்போது அந்த வாக்கியமே எனக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தேன். மரப்பாலம் தாண்டியதும் மஞ்சள் எச்சரிக்கை வந்தது, இரண்டு கொண்டை ஊசி வளைவு கழித்துச் சிவப்பு. இழுவையே இல்லை. ஃபேன் விமானம் மாதிரி கத்தியது. காட்டேரி பூங்கா பக்கம் ஓரம் கட்டிப் பார்த்தேன். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு சரியாக இருந்தது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு மெதுவாக வீடு சேர்ந்தேன். மறுநாள் கடைவீதி வரை போய் வந்தேன், ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் சிம்ஸ் பூங்கா ஏற்றத்தில் மறுபடி மஞ்சள்.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலேயே ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்), ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) எல்லாம் சேர்த்து 3.8 லட்சம் ஆகும் என்றார்கள். ஓடியது 71,000 கி.மீ. இந்த வண்டியை வைத்திருக்க உண்மையில் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

கோத்தகிரி_டிடி:
நண்பரே, முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். "கடைவீதி வரை ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த எஞ்சினின் பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். இன்னொரு முறை சிவப்பு வந்தால் 3.8 லட்சம் உண்மையாகிவிடும்.

இரண்டு கேள்வி. சூடானபோது ஹீட்டர் போட்டால் சூடான காற்று வந்ததா? வண்டியின் கம்ப்யூட்டரில் எரர் கோடு (பிழை எண்) ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்தீர்களா?

அருவங்காடு_லேத்:
தம்பி, நான் 34 வருடம் தொழிற்சாலையில் லேத் பிடித்தவன். உங்கள் ஜெர்மன் வண்டி எனக்குத் தெரியாது, சூடு தெரியும். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் கொஞ்சம் முன்னாடி. எஞ்சினுக்குள் அழுத்தம் நிற்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. அதனால் கூலன்ட் டாங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம். சூட்டோடு திறந்துவிடாதீர்கள்.

குன்னூர்_மஞ்சு:
அண்ணா, ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வந்தது, இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். ஸ்கேன் செய்யவில்லை.

ஐயா, மூடி நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயில் மூடியைத் திறந்தேன், அடியில் வெண்ணெய் மாதிரி வெளிர் நிறத்தில் ஒட்டியிருக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஹெட் கேஸ்கட் போயேவிட்டதா? தூக்கம் வரவில்லை.

அருவங்காடு_லேத்:
தூங்குங்கள் தம்பி. இந்த வெண்ணெயைப் பார்த்துப் பயந்தவர்கள் நம் மலையில் நிறைய. தினம் 3, 4 கி.மீ. மட்டும் ஓட்டினால் எஞ்சின் முழுசாகச் சூடாகாது. மஞ்சின் ஈரம் உள்ளே நீர்த்துளியாகி மூடியில் ஆயிலோடு கலந்து நுரைக்கும். கேஸ்கட் போயிருந்தால் கூலன்ட் அளவு குறையும், வெள்ளைப் புகை வரும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ஹோஸ் கல்லாக இறுகும், டாங்கில் குமிழ் வரும். இதில் எது இருக்கிறது?

குன்னூர்_மஞ்சு:
எதுவும் இல்லை ஐயா.

கோத்தகிரி_டிடி:
ஹீட்டரில் குளிர்ந்த காற்று, ஒழுகல் இல்லை, கூலன்ட் அளவு சரி. மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சார மோட்டாரில் ஓடுகிறது. பழைய பம்ப் போகுமுன் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். இது ஒரு நாள் விட்டுவிட்டு வேலை செய்யும், அப்புறம் சொல்லாமல் நின்றுவிடும். 15 வருடம் ஓடியதே பெரிது.

வீட்டிலேயே சோதிக்கலாம். பேட்டரிக்கு சார்ஜர் போடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும். ஹீட்டர் சூடு முழுசாக, ஃபேன் வேகம் மிகக் குறைவாக. ஆக்ஸிலேட்டரை அடிவரை 10 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். கூலன்டில் காற்று எடுக்கும் வேலை தொடங்கும். பம்ப் உயிரோடு இருந்தால் சுமார் 12 நிமிடம் ஏறி இறங்கி முனகும். பானட்டைத் திறந்து வைத்துக் காது கொடுங்கள்.

குன்னூர்_மஞ்சு:
செய்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது கேட்டது, தேயிலைத் தோட்டத்தில் யாரோ பேசியது கேட்டது. பம்ப் ஒரு சத்தமும் இல்லை.

நண்பர் ஒருவரின் ஸ்கேனரை வாங்கிப் போட்டேன். 2இ8 என்று தொடங்கும் இரண்டு எரர் கோடு. இரண்டுமே மின்சார கூலன்ட் பம்ப் என்றுதான் சொல்கின்றன.

சரி, இப்போது கோவைக்கு எப்படிக் கொண்டுபோவது? இறக்கம்தானே, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே மேட்டுப்பாளையம் போய்விடலாமா என்று தம்பி கேட்கிறான்.

பர்லியார்_வளைவு:
உங்கள் தம்பியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவு, 1,600 கிலோ வண்டி. எஞ்சின் அணைந்தால் நாலைந்து மிதியில் பிரேக் பூஸ்டரின் (பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) வாக்குவம் தீர்ந்து கால் கல்லை மிதிக்கும். ஸ்டியரிங்கும் இறுகிவிடும். எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் போனால் எஞ்சின் பிரேக்கிங் இல்லை, பாதி வழியில் பிரேக் எரிந்த வாடை வரும். நான் இந்தப் பாதையில் 19 வருடமாக லாரி ஓட்டுகிறேன், அந்த வாடை தினமும் வருகிறது. பெரும்பாலும் வெளியூர் நம்பர் வண்டிகள்.

ரெக்கவரி வண்டி பிடியுங்கள், தட்டையாக ஏற்றுவதாகப் பாருங்கள். கயிறு கட்டி இழுப்பவர்களிடம் தராதீர்கள், முன் பம்பர் தரையில் உரசும்.

கோத்தகிரி_டிடி:
வருடச் செலவு கேட்டீர்களே. என்னிடம் இருப்பது 2011 ஆடி டிடி, 2 லிட்டர். மனைவி கண்ணில் படாமல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போன வருடம் ஓட்டியது 5,800 கி.மீ. மலையில் லிட்டருக்கு 8 தாண்டுவதில்லை, பெட்ரோல் 75,000. இன்சூரன்ஸ் 31,000. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் 14,000. கியர்பாக்ஸ் ஆயில், 60,000 கி.மீ.க்கு ஒரு முறை வரும், போன வருடம் வந்தது, 22,000. இரண்டு டயர் 38,000. பேட்டரி 16,000. முன்பக்க கண்ட்ரோல் ஆர்ம் புஷ் 27,000, இது நம் சாலைக் குழிகளின் கைங்கரியம். மொத்தம் 2.23 லட்சம். கி.மீ.க்கு 38 ரூபாய்க்கு மேல். இத்தனைக்கும் ஒன்றுமே கெட்டுப்போகாத வருடம் அது.

இப்படிப்பட்ட வண்டிக்கு நீங்கள் கொடுத்தது 16 லட்சமாக இருக்கலாம், உதிரிபாகக் கடைக்காரர் அது புதிதாக இருந்தபோது என்ன விலையோ அந்தக் கணக்கில்தான் பில் போடுவார். ஆகவே வருடம் 2 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். மிஞ்சினால் அடுத்த வருடம் டயருக்கு. உங்களுடையது ரன்ஃபிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும்), ஸ்டெப்னி கிடையாது, முன்னே 225, பின்னே 255 அளவாக இருந்தால் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் முடியாது.

இன்னொன்று. இந்த எஞ்சினின் உயர் அழுத்த பெட்ரோல் பம்புக்காக 2010-ல் அமெரிக்காவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உங்களுடையதில் மாற்றியிருக்கிறதா என்று பழைய சர்வீஸ் பில்களில் தேடுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் சந்தேகப்படலாம்.

வெலிங்டன்_பேப்பர்:
எல்லாரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். 2010-ல் பதிவான வண்டி என்றால் 15 வருடம் முடிகிறதே, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டாமா? 2022 ஏப்ரலிலிருந்து சாதாரண காருக்குக் கட்டணம் 5,000. ஆர்.சி.யில் இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் 40,000. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடுதல். பசுமை வரி தனி. ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார், எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியோடு போய் நிற்காதீர்கள். புதுப்பித்தால் 5 வருடத்துக்குக் கவலை இல்லை.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 1,500 சிசிக்கு மேல் 2022-ல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய், அது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது சொந்தச் சேதத்தில். 5 வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் போட்ட தொகைக்கு அப்படியே தலையாட்டாதீர்கள்.

குன்னூர்_மஞ்சு:
ஆர்.சி. விஷயம் சுத்தமாக மறந்துவிட்டது சார். டிசம்பரில்தான் முடிகிறது. கோவை நம்பர் என்பதால் கல்லாறு சோதனைச் சாவடியில் ஒவ்வொரு முறையும் இ-பாஸ் கேட்கிறார்கள், உள்ளூர்க்காரன் என்று ஆதாரைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். முகவரி மாற்றத்தையும் கையோடு முடிக்கிறேன்.

கோத்தகிரி_டிடி:
மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது: பம்போடு தெர்மோஸ்டாட்டையும் மாற்றச் சொல்லுங்கள், இரண்டுக்கும் அதே கழற்றல்தான். பம்பைப் பிடிக்கும் அலுமினிய போல்ட்டுகள் ஒரு முறைக்குத்தான், பழையதைத் திரும்பப் போட விடாதீர்கள். கூலன்ட் கம்பெனி நீல நிறம், சரிபாதி டிஸ்டில்ட் வாட்டர். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்த ஆயில் பெல்ட்டில் விழுந்தால் அது வேறு கதை.

குன்னூர்_மஞ்சு:
பத்து நாள் கழித்து வருகிறேன். வேறு ஒரு தனி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். முதலில் கூலன்ட் டாங்கின் வாயில் நீலத் திரவம் வைத்துச் சோதித்தார். எஞ்சினில் எரிந்த புகை வாயு கூலன்டில் கலந்திருந்தால் மஞ்சளாகுமாம், நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கட் நலம்.

பம்ப் 46,000, தெர்மோஸ்டாட் 8,500, கூலன்ட், போல்ட், ஒரு ஹோஸ் சேர்த்து 9,000, ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் 3,500 (கசிந்துதான் இருந்தது), கூலி 14,000, ரெக்கவரி வண்டி 9,000. மொத்தம் 90,000. பம்ப் வரவே ஆறு நாள்.

முன் பம்பரைக் கழற்றியபோது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு கூடை சருகு. கற்பூர மர இலை, சில்வர் ஓக் இலை, ஒரு சாக்லேட் தாள். மெக்கானிக் போட்டோ எடுத்து அனுப்பி "இது என்ன காரா, உரக்குழியா?" என்று கேட்டார்.

நேற்று ஏறி வந்தேன். ஹில்குரோவிலிருந்து ஒரு காய்கறி லாரிக்குப் பின்னாலேயே இரண்டாவது கியரில். எந்த எச்சரிக்கையும் இல்லை. விற்பதைப் பற்றி ஆர்.சி. கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பர்லியார்_வளைவு:
நேற்று என் பின்னால் வந்த சிவப்பு வண்டி நீங்கள்தானா? வழி கொடுத்தேனே, ஏன் முந்தவில்லை?

குன்னூர்_மஞ்சு:
பயம்தான் அண்ணா.

அருவங்காடு_லேத்:
தம்பி, அந்தப் பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மோட்டார் எரிந்ததா, உள்ளே போர்டு போனதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

குன்னூர்_மஞ்சு:
டிக்கியில்தான் இருக்கிறது ஐயா. ஞாயிறு கொண்டுவருகிறேன்.