மறு: 'போஸ்டீரியர் சப்போர்ட்' தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

பல் மருத்துவர், மதுரை

குழுவினருக்கு வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைவாய்ப்பற்களை இருபுறமும் இழந்தவர்கள் முன்பல்லாலேயே மெல்லுகிறார்கள். முன்பல் வெட்டுவதற்கானது. மெல்லும் பாரம் முழுக்க அதன்மேல் விழுந்தால் தேயும், உடையும், மேல்வரிசை முன்னே தள்ளிக்கொண்டு விரியும். "முன்னாடி மட்டும் கேப் போட்டுவிடுங்க டாக்டர்" என்றுதான் கேட்கிறார்கள். போட்டால் கேப்பின் பீங்கான் தெறித்துவிடும். பல் தேய்ந்த வாயில் கேப்புக்கு இடமும் இருக்காது. முதலில் பின்னால் பல்செட்டோ தற்காலிகக் கேப்போ வைத்துக் கடியின் உயரத்தை, அதாவது பல்லைக் கடிக்கும்போது இரு தாடைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை, மீட்க வேண்டும். அது சில வாரம் பழகிய பிறகே முன்பல். பின்னால் கிடைக்கும் அந்தத் தாங்குதலுக்கு ஒரு சொல் தாருங்கள். 'பின்புற ஆதரவு' என்று எழுதினால் யாருக்கும் பல் நினைவுக்கு வராது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எயிற்றணை. எயிறு சங்கச் சொல், அணை தாங்குவது. வயிறு 'வயிற்று' ஆவதுபோல றகரம் இரட்டிக்கும்.

மதுரை மருத்துவர்

அழகான சொல் ஐயா. ஆனால் வருகிறவர்கள் காதில் 'ஈறு' என்றுதான் விழும்.

தமிழாசிரியர்

விழட்டுமே! ஈறே எயிறு மருவி வந்தது என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கட்டடப் பொறியாளர், தஞ்சை

சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுக்கிறோம். 'கடைவாய் முட்டு' போதாதா?

பல் மருத்துவ மாணவி

ஆகாது சார். பல் அடைத்த மறுநாளே "அந்தப் பல் மட்டும் முட்டுது" என்று வந்து நிற்பார்கள். அங்கே முட்டு என்றால் அடைப்பு உயர்ந்துவிட்டது, ராவ வேண்டும் என்று பொருள். ஒரே சொல் இரண்டுக்கும் வந்தால் குழப்பம்தான்.

பேச்சுப் பயிற்சியாளர்

சற்று விலகிப் போகிறேன். முன்பல் நீளத்தை எப்படி முடிவு செய்வீர்கள்? "மேற்பல் இதழுற மேவிடும் வவ்வே" என்கிறது நன்னூல்.

மதுரை மருத்துவர்

அதேதான் அம்மா! தற்காலிகப் பல்லை வைத்து 'வ' வரும் சொற்களைச் சொல்லச் சொல்வோம். மேல்பல்லின் விளிம்பு கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும். 'சரி', 'சாதம்' என்னும்போது பல்லோடு பல் தட்டினால் உயரத்தை அதிகமாக ஏற்றிவிட்டோம் என்று தெரியும். சரி, சொல்லுக்கு வருவோம். 'கடைவாய்த் தாங்கல்'?

தஞ்சைப் பொறியாளர்

தாங்கல் என்றால் ஏரி என்றும் பொருள் உண்டு. மனத்தாங்கலும் உண்டு. ஆனாலும் 'கடைவாய்' முன்னால் நிற்பதால் பொருள் தப்பாது. 'முட்டு' என்ற என் சொல்லை விட்டுக்கொடுக்கிறேன்.

மாணவி

எனக்கும் சம்மதம். "முதலில் கடைவாய்த் தாங்கல், அப்புறம் முன்பல்" என்று சொன்னால் என் பாட்டிக்கே புரியும்.

பேச்சுப் பயிற்சியாளர்

நானும் தாங்கல் பக்கம்.

தமிழாசிரியர்

கையேட்டில் அப்படியே போடுங்கள், தடுக்கவில்லை. பாடநூல் என்று வரும்போது எயிற்றணையை விடமாட்டேன். 'கேப்'புக்கு யாருமே மாற்றுச் சொல் கேட்கவில்லையே, ஏன்?